கேட்பதற்கு ஒரு நடை, வாக்குக்கு ஒரு நடை

வணிக உரையில் பேசுபவர் தம் நோக்கத்தைப் பல இடங்களில் அறிவிக்க வேண்டியிருக்கிறது: உரைக்கு நேரம் கேட்கும் கடிதத்தில், தொடக்கத்தில், ஒரு பகுதி முடிந்து அடுத்ததற்குப் போகையில், கேள்விகளைக் கடைசிக்குத் தள்ளிவைக்கையில். தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் பேசுபவரின் நடை கரடுதட்டுவது பெரும்பாலும் இங்கேதான். அது பண்பின் குறை அன்று. மரியாதை குடியிருக்கும் இடம் இரு மொழியிலும் வேறு.

தமிழில் மரியாதை 'நீங்கள்' என்ற சொல்லிலும் 'வாருங்கள்' என்பதன் விகுதியிலும் வெளிப்படையாக நிற்கிறது. ஆங்கிலத்தில் 'தௌ' என்ற ஒருமை அன்றாடப் பேச்சிலிருந்து மறைந்தபின் முதலாளிக்கும் பணியாளுக்கும் 'யூ' ஒன்றுதான். அதனால் அங்கே பணிவின் சுமையில் பெரும்பங்கை வினைச்சொல் தாங்குகிறது. 'சொல்ல விரும்புகிறேன்' என்பது மேடைத் தமிழில் அடக்கமான தொடர். அதையே 'ஐ வான்ட் டு' என்று பெயர்த்தால், எனக்கு இது வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதுபோல் ஒலிக்கக்கூடும். அதற்கு ஈடான ஆங்கிலம் 'ஐ வுட் லைக் டு'. கடிதத்தில் இப்படி முழுமையாக எழுதப்படும்; பேச்சில் 'ஐட் லைக் டு' என்று சுருங்கும்.

'வுட்' என்பது 'வில்' என்பதன் இறந்தகால வடிவம். இன்றைய ஆசையை நேற்றைய வடிவத்தில் சொல்லும்போது கேட்பவருக்கு மறுக்கவும் இடம் கிடைக்கிறது. 'ஐ வாஸ் ஹோப்பிங் டு' என்பதும் இதே உத்திதான். தமிழருக்கு இது புதிதன்று. எதிரில் நின்றுகொண்டே 'ஒன்று கேட்கலாம் என்று நினைத்தேன்' என்று நாமும் இறந்தகாலத்தைத்தான் துணைக்கு அழைக்கிறோம்.

பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் இருவரும் பணிவுமொழி பற்றி 1978இல் வெளியிட்டு, 1987இல் தனி நூலாக்கிய ஆய்வு இதற்கு விளக்கம் தருகிறது. ஆங்கிலம், மெக்சிகோவின் செல்தால் மொழி ஆகியவற்றோடு கோவை வட்டாரக் கிராமத் தமிழிலிருந்தும் அவர்கள் சான்றுகள் எடுத்தார்கள். எவருக்கும் காக்கவேண்டிய 'முகம்' ஒன்று உண்டு, பணிவு என்பது அதைக் காக்கும் வழி என்பது அவர்கள் வாதம். 'முகம் கோணாமல்' பேசச் சொல்லும் மொழிக்கு இந்தக் கருத்து எளிதில் பிடிபடும்.

உரையின் வரிசையில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். நேரம் கேட்கும் கடிதத்துக்கு 'ஐ வாஸ் ஹோப்பிங் டு ஸ்பீக் ஃபார் டென் மினிட்ஸ்' ஏற்றது. தொடக்கத்துக்கு 'ஐ வுட் லைக் டு பிகின் வித்' போதும். ஏற்கெனவே வகுத்த திட்டத்தைச் சொல்ல 'ஐ ஆம் கோயிங் டு' இயல்பானது. 'ஐ இன்டெண்ட் டு' சற்று விறைப்பானது, எழுத்துக்கே பொருந்தும். பகுதி மாறும்போது 'லெட் அஸ் டர்ன் டு' என்றால் அவையும் உடன் வருகிறது. நடுவே கேள்வி கேட்காதீர்கள் என்பதைவிட, 'ஐ வில் பி ஹாப்பி டு டேக் கொஸ்டின்ஸ் அட் தி எண்ட்' என்பது தடையையே வரவேற்பாக மாற்றிவிடுகிறது.

மென்மைக்கும் எல்லை உண்டு. 'வுட் லைக் டு' பத்திக்குப் பத்தி வந்தால் பேசுபவருக்கே தம் பொருளில் உறுதியில்லை என்று தோன்றும். வாக்குறுதியில் அது கூடவே கூடாது. திங்கட்கிழமை சரக்கு வந்து சேரும் என்பதற்கு 'வி வுட் லைக் டு டெலிவர்' என்றால், வந்தாலும் வரலாம் என்றே வாடிக்கையாளர் எடுத்துக்கொள்வார். அங்கே 'வி வில் டெலிவர்' என்பதே மரியாதை.

ஆகவே உரையை எழுதி முடித்ததும் நோக்கம் சொல்லும் வரிகளை மட்டும் கோடிட்டுப் பார்ப்பது நல்லது. பிறரிடம் கேட்கும் வரிகள் மென்மையாக இருக்கட்டும். பிறருக்குக் கொடுக்கும் வாக்கு நேராக இருக்கட்டும்.