ஆடுகளக் கோடும் எல்லைக் கோடும்



காற்றடைத்த தோல் உருண்டை ஒன்று. அதைத் துரத்த இருபத்திரண்டு பேர். ஓடுகிறார்கள், உதைக்கிறார்கள், விழுகிறார்கள், எழுகிறார்கள். தொண்ணூறு நிமிடம் கழிந்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கை குலுக்கிப் பிரிகிறார்கள். இதுதான் கால்பந்து. ஆனால், அந்தப் பதினொருவர் மார்பிலே ஒரு நாட்டின் பெயரைப் பொறித்துவிட்டால் போதும். பந்து பந்தாக இருப்பதில்லை. மானமாகிறது, மரபாகிறது, சில வேளை மரணமும் ஆகிறது! எதிரே நிற்பது அண்டை நாடாகிவிட்டாலோ, கேட்கவே வேண்டாம்.

மிகைப்படுத்துகிறேன் என்று எண்ணாதீர்கள். நடு அமெரிக்காவில் எல் சால்வடார், ஹோண்டுராஸ் என்று இரண்டு சிறு நாடுகள். 1970ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில், 1969 ஜூன் திங்களில் இரண்டும் மோதின. முதல் ஆட்டத்தில் ஹோண்டுராஸ் வென்றது. இரண்டாவதில் எல் சால்வடார் வென்றது. மெக்சிகோ நகரில் நடந்த மூன்றாவது ஆட்டத்திலும் 3–2 என்று எல் சால்வடாரே வென்றது. ஜூலை 14ஆம் நாள் போர் மூண்டது! நான்கே நாள் போர். ஆயிரக்கணக்கில் மக்கள் மாண்டனர். 'கால்பந்துப் போர்' என்று உலகம் அதற்குப் பெயர் சூட்டிற்று.

பந்தா போரை மூட்டியது? பந்துக்கு ஏது பகை? எல் சால்வடாரில் நிலமெல்லாம் ஒரு சில சீமான்களின் பிடியிலே. உழ நிலமின்றி ஏறத்தாழ மூன்று இலட்சம் ஏழைகள் எல்லை தாண்டி ஹோண்டுராசில் குடியேறியிருந்தனர். அங்கே நிலச் சீர்திருத்தம் வந்தது. அது கைவைத்ததோ, குடியேறிய அந்த ஏழைகளின் துண்டு நிலங்களில்! சீமான்கள் மீது பாய வேண்டிய சீற்றம், பந்தின் மீது ஏற்றப்பட்டுப் பக்கத்து நாட்டின் மீது பாய்ந்தது. இவ்வளவு குருதி சிந்தி உலகக் கோப்பைக்குப் போன எல் சால்வடார் அங்கே ஈட்டியது என்ன? மூன்று ஆட்டம், மூன்றிலும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை!

எங்கோ நடந்த கதை என்று தள்ளிவிடலாம். நான் தள்ளவில்லை, தள்ள முடியாத இடத்தில் இருக்கிறேன். இராமநாதபுரம் மாவட்டத்துக் கரையில், மண்டபம் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் ஆசிரியன் நான். பள்ளிக்குப் பின்னே மணற்பரப்பு. அதுதான் எங்கள் ஆடுகளம். மாலையில் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, "நீங்கள் இந்தியா, நீங்கள் இலங்கை" என்றால் போதும். ஒரு பாதி ஆடவே மறுத்துவிடும். "நாங்க இலங்கையா இருக்க மாட்டோம், சார்!" என்று ஒரே குரல். பிரேசிலாக இருக்கச் சொன்னால் முந்துகிறார்கள். அர்ஜென்டினா என்றால் அடித்துக்கொள்கிறார்கள். முப்பது கிலோமீட்டர் தொலைவில், தனுஷ்கோடிக்கு எதிரே, தமிழ் பேசும் தலைமன்னாரைக் கரையாகக் கொண்ட நாடு மட்டும் ஆகாது!

ஏன் ஆகாது? அந்தக் கூட்டத்தில் ஒருவனுடைய தந்தை, எல்லை தாண்டி மீன் பிடித்தார் என்று பிடிபட்டு அக்கரைச் சிறையிலே இருந்தார். மற்றொருவன் வீட்டுப் படகு போனது போனதுதான், திரும்பவில்லை. அவர்கள் கோபத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் அந்தக் கோபம் திரும்பிய திசை எது? மண்டபம் முகாமிலிருந்து வரும் ஒரு பையன் பக்கம்! "அவன்தான் சார் இலங்கை. அவனையே அந்தப் பக்கம் போடுங்க!" என்றார்கள். பந்தைக் காலில் ஒட்டவைத்தாற்போல் கொண்டு போவான் அந்தப் பிள்ளை. அவன் சொன்னது ஒரே சொற்றொடர்: "நான் பொறந்தது இங்கதான், சார்."

இங்கே பிறந்தவன், ஆனால் இந்நாட்டுக் குடிமகன் அல்லன். அக்கரையை அவன் கண்டதே இல்லை. இன்றைய உலகக் கால்பந்து விதிப்படி, ஒரு நாட்டின் குடிமகனே அந்நாட்டுச் சட்டையை அணியலாம். எவ்வளவு திறமை இருந்தாலும் என்ன? நாளை அவன் எந்தச் சட்டையை அணிவான்? விடை கூற இயலுமா நம்மால்?

மனிதரை இரண்டாகப் பிரிக்கும் இந்த ஆட்டம் புதிதன்று. 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம், தேயிலைக் காட்டைத் தன் உழைப்பால் பொன்னாக்கிய மலையகத் தமிழரை நாடற்றோர் ஆக்கிற்று. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேரை எண்ணினார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசலாம்! நீ இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம் என்று பள்ளிப் பிள்ளைகளைப் பிரிப்பது போலப் பிரித்தார்கள். பிள்ளைகளாவது "மாட்டோம்" என்று சொல்ல முடிந்தது. அந்த மக்களை யார் கேட்டார்கள்?

அதே ஆண்டு டிசம்பரில் புயல் வந்து தனுஷ்கோடியை விழுங்கிற்று. அதுவரை 'போட் மெயில்' பயணி தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறித் தலைமன்னார் சேர்ந்து, மறுபடி இரயிலேறிக் கொழும்பு போவான். பிற்பாடு இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் நின்றுபோயிற்று. புயல் பாதையை அழித்தது. போர் பயணத்தை நிறுத்தியது. 1974, 1976 ஒப்பந்தங்களின் எல்லைக் கோடு கடலின் மீது நின்றது.

கால்பந்திலோ, இவ்விரு நாடுகளின் தொடர்பு பகையில் தொடங்கவில்லை. 1952இல் கொழும்பிலே இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை என்னும் நான்கு நாடுகள் கூடிக் 'கொழும்புக் கோப்பை' ஆடின. அடுத்தடுத்து இரங்கூன், கல்கத்தா, டாக்கா என்று 1955 வரை நடந்தது. முதலாண்டில் பாகிஸ்தானுடன் பங்கு போட்டுக்கொண்ட கோப்பையை, அடுத்த மூன்றாண்டும் இந்தியா தனித்தே வென்றது. 1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியல்லவா அது!

ஆனால் பெரியவன் என்றும் பெரியவன் என்று எந்த ஆடுகளத்திலும் எழுதி வைக்கவில்லை. 1995இல் அதே கொழும்பில், தெற்காசியக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் இலங்கை 1–0 என்று இந்தியாவை வீழ்த்திற்று. 2021இல் மாலேயில், ஏறத்தாழ 140 கோடி மக்களின் நாடு, இரண்டு கோடிச் சொச்சம் மக்களின் நாட்டுக்கு எதிராக ஒரு கோலும் போட முடியாமல் 0–0 என்று திரும்பிற்று. பிறகு கோப்பையை இந்தியாவே வென்றது என்பது வேறு செய்தி. மக்கள் தொகையா கோல் அடிக்கிறது? மரபா பந்தைத் தடுக்கிறது? பயிற்சியும் முயற்சியும் அல்லவா!

முயற்சியை நம்பாதவர்கள் செய்ததையும் கேளுங்கள். 2022இல் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்று நடந்தபோது, இந்திய அணியில் யார் யார் ஆடுவது என்ற பட்டியல் ஒரு சோதிடரிடம் போய்வந்தது என்று 2023இல் நாளேடுகள் எழுதின. கால் ஆடுகிற ஆட்டத்துக்குக் கோள் பார்த்தார்களாம்! நிருவாகம் கண்ட சீரழிவோ இரு கரைக்கும் பொது. 2022 ஆகஸ்டில் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பை உலகக் கால்பந்துக் கழகம் இடைநீக்கம் செய்தது. 2023 ஜனவரியில் இலங்கைக்கும் அதே தண்டனை. இரண்டும் பிற்பாடு நீக்கப்பட்டன. நோய் ஒன்று, மருந்தும் ஒன்று; பிறகு பகை எதற்கு?

இங்கேதான், தோழர்களே, கால்பந்தை நான் பெரிதும் மதிக்கிறேன். அதிலே கோடு இருக்கிறது. ஆனால் அந்தக் கோடு இரு அணிக்கும் ஒன்றே. என் அணிக்காரன் காலை வாரினாலும் தவறு தவறுதான். நடுவர் ஊதத்தான் வேண்டும். இந்த நேர்மையை நாம் ஆடுகளத்துக்கு வெளியே கொண்டுவருகிறோமா? அக்கரையில் நம் மீனவர் படும் துயரை நாம் உரக்கச் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் நம் விசைப்படகுகளின் இழுவை மடி கடலின் அடியைச் சுரண்டி, யாழ்ப்பாணத்து, மன்னாரத்து மீனவனின் வலையை அறுத்துச் செல்வதை யார் சொல்வது? பல்லாண்டுப் போரில் கடலிழந்து, 2009க்குப் பிறகு மீண்டும் கடலுக்கு வந்த அவனும் தமிழன், அவனும் ஏழை. 2017இல் இலங்கை இழுவை மடியைச் சட்டத்தால் தடுத்தது. தடுத்ததன் பின்னே அவனுடைய கண்ணீரும் இருக்கிறது. இழுவைப் படகில் கூலிக்குப் போகும் நம்மவனுக்கு வேறு பிழைப்பு காட்டாத குற்றமும் இருக்கிறது. ஏழையை ஏழைமீது ஏவிவிட்டு, இரண்டு கொடிகளை அசைத்துக் காட்டினால், எல் சால்வடார் கதை நம் கடலிலும் நடக்கும்.

என் வகுப்பிலே நான் செய்தது சிறிது. நாடுகளின் பெயரில் அணி பிரிப்பதை நிறுத்தினேன். கிழமைதோறும் அணிகளைக் கலைத்துப் போடுகிறேன். ஊதுகுழலைப் பிள்ளைகளிடமே கொடுத்து, 'தன் நண்பன் செய்த தவற்றுக்கு ஊதத் தயங்குகிறவன் நடுவர் ஆகான்' என்று விதி வைத்தேன். தந்தை சிறையிலிருந்த பையன்தான் முதலில் அதை வாங்கினான். தன் தெருக்காரன், அந்த முகாம்ப் பிள்ளையைப் பின்னாலிருந்து இடறியபோது ஊதினான்! திடலில் சலசலப்பு, ஆனால் அவன் கை இறங்கவில்லை. இதனால் சிறைக் கதவு திறக்கவில்லை. முகாம்ப் பிள்ளைக்குக் குடியுரிமை கிடைத்துவிடவும் இல்லை. திடலில் முடிவது திடலில் முடிந்தது. எஞ்சியது அரசுகளின் கையில், அரசுகளை ஆக்கும் நம் கையில்.

இளைஞனே! இந்தியாவும் இலங்கையும் மோதட்டும். ஆர்ப்பரி, நம் அணி வெல்லட்டும் என்று தொண்டை கிழியக் கத்து. அது இளமையின் உரிமை. ஆனால் எதிரணி நல்ல கோல் போட்டால் கை தட்டவும் கற்றுக்கொள். பகையை யார் வளர்க்கிறார்கள், அதனால் யார் வாழ்கிறார்கள் என்று கேள். எல்லைக் கோட்டின் இருபுறமும் ஒரே விதி வேண்டும் என்று கேள். கேட்கக் கேட்கத்தான் விதி மாறும்.