"வேலைக்கு வரலைனு நைசா சொல்லணும் பாப்பா!"

வியாழக்கிழமை ராத்திரி எட்டரை மணி. ஆபீஸ் முடிந்து அம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்குகிறேன், மாமாவிடமிருந்து போன்.

"பாப்பா, நீ பத்திரிகைலதானே எழுதுற? எனக்கு ஒரு மெசேஜ் எழுதித் தரணும். வேலைக்கு வரலைனு சொல்ற மெசேஜ். நைசா இருக்கணும்."

வேலை கேட்டு நான் எழுதிய மெயில்களுக்குக் கணக்கே இல்லை. வேண்டாம் என்று ஒன்றுகூட எழுதியதில்லை. அந்த அளவுக்கு யாரும் என்னைக் கூப்பிட்டதும் இல்லை!

மாமா பட்டாபிராமில் இருக்கிறார். 22 வருஷமாக லாரி ஓட்டுகிறார். நசரத்பேட்டை பக்கம் யார்டு வைத்திருக்கும் ஒரு கம்பெனியில் டிரெய்லர் டிரைவர் வேலை உறுதியாகியிருந்தது. பூந்தமல்லியிலிருந்து புனே. போக, வர, லோடுக்குக் காத்திருக்க என ஒரு டிரிப்புக்கு ஒரு வாரம். வண்டி புத்தம் புதுசு. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்று விதி வந்ததே, அந்த ஏசி வண்டி. மே மாத வெயிலில் இன்ஜின் சூட்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டு ஓட்டியவருக்கு அது சின்ன ஆசை இல்லை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு இண்டக்‌ஷன். அன்றைக்கே கண் டெஸ்ட், ரத்த டெஸ்ட், போதைப்பொருளுக்கான யூரின் டெஸ்ட்.

இதற்கு நடுவில்தான் காட்டுப்பள்ளி துறைமுகத்திலிருந்து ஒரகடத்துக்கு கன்டெய்னர் இழுக்கும் வேலை வந்தது. (எங்கள் அம்பத்தூர் ஒரகடம் இல்லை, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஒரகடம். இந்தக் குழப்பத்தில் ஆட்டோக்காரர்களிடம் நான் பட்ட பாடு தனிக்கதை.) வெளிவட்டச் சாலையிலேயே ஓட்டம், வீட்டுப் பக்கமாகவே போக்குவரத்து. சம்பளம் நாலாயிரம் குறைவு. ஆனால், ராத்திரிச் சாப்பாடு வீட்டில். மகள் ப்ளஸ் டூ படிக்கிறாள். அவள் ஸ்கூல் கேட்டைத் தாண்டி மாமா ஒருமுறைகூட உள்ளே போனதில்லை.

வெள்ளிக்கிழமை எனக்கு வார லீவு. காலையிலேயே பட்டாபிராம் போய்விட்டேன். மாமா மூன்று யோசனைகள் வைத்திருந்தார். ஒன்று, போனை ஸ்விட்ச் ஆஃப் செய்வது. இரண்டு, "அம்மாவுக்கு சீரியஸ்" என்பது.

உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டி குரல் கொடுத்தார். "என்னை ஏற்கெனவே ரெண்டு தடவ ஆஸ்பத்திரில சேத்துட்டான்டி இவன்!"

மூன்றாவது யோசனைதான் ஆபத்தானது. "திங்கட்கிழமை போறேன். ஒரு சுத்து பாத்துட்டு, டெஸ்டுக்குக் கூப்புடுறதுக்குள்ள நழுவிட்றேன்."

யூரின் டெஸ்ட் என்றதும் காணாமல்போன டிரைவரைப் பற்றி யார்டில் என்ன பேசுவார்கள்? பீடிகூடப் பிடிக்காத மனுஷனுக்குக் கஞ்சாப் பட்டம் கட்டிவிடுவார்கள். அமெரிக்காவில் இருக்கும் விதியை அவரிடம் சொன்னேன். அங்கே லாரி வேலைக்குச் சேரும் முன் எடுக்கும் போதை டெஸ்டில், டெஸ்ட் ஆரம்பிக்கும் முன்னால் கிளம்பிவிட்டால் குற்றமில்லை. ஆரம்பித்த பிறகு பாதியில் எழுந்து போனால், 'டெஸ்டுக்கு மறுத்தவர்' என்று கணக்கு. 2020 ஜனவரி 6 முதல் இதற்கென்றே அரசாங்கப் பதிவேடு ஒன்று நடக்கிறது. அடுத்து வேலை கொடுக்கும் கம்பெனி அதைப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்கும்.

மாமா சிரித்தார். "நம்ம ஊருக்கு ரிஜிஸ்டர் எதுக்கு பாப்பா? டீக்கடையே போதும்."

சிரித்தாலும் அவருக்குப் புரிந்துவிட்டது. சொல்வதாக இருந்தால் இன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

நான் எழுதிய முதல் மெசேஜ், 'தாங்கள் அளித்த மேலான வாய்ப்பினை' என்று ஆரம்பித்தது. "இது யாருக்கு, கலெக்டருக்கா?" என்றார். அடுத்ததில், 'சேர முடியாத நிலையில் இருக்கிறேன்' என்று முடித்தேன். அதற்கும் தலையை ஆட்டினார். "நிலைனு போட்டா, நிலைமை மாறினா வருவான்னு நினைச்சிக்குவாங்க. சேரலைனு போடு." எடிட்டோரியல் மீட்டிங்கில்கூட இப்படி ஒரு திருத்தம் எனக்கு வந்ததில்லை.

கடைசியில் நின்றது இதுதான்: 'வணக்கம் சார். திங்கட்கிழமை இண்டக்‌ஷனுக்கு என் பெயர் இருக்கிறது. தினமும் வீடு திரும்பும் வேலை ஒன்று கிடைத்திருக்கிறது. அதனால் உங்கள் கம்பெனியில் சேரவில்லை. மெடிக்கல் டெஸ்டுக்கும் என் பெயரைப் போட வேண்டாம். வேறு ஆளைப் பார்க்க உங்களுக்கு டைம் வேண்டும் என்பதால் இன்றே சொல்கிறேன். வாய்ப்பு கொடுத்ததற்கு நன்றி.'

அனுப்பும் பட்டனை அழுத்தப்போனேன். மாமா என் கையைப் பிடித்தார். "அண்ணனுக்கு மொதல்ல சொல்லணும்."

மாமா கிளீனராக இருந்தபோது ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அந்த அண்ணன். திருநின்றவூரில் இருக்கிறார். ரெண்டு வருஷம் முன்னால் வேறொரு கம்பெனியில் மாமாவுக்காகச் சொல்லி வைத்தார். சேர வேண்டிய அன்று மாமா போனை அணைத்துவிட்டார். கம்பெனிக்காரர்கள் அண்ணனைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வந்த எங்கள் வீட்டு மஞ்சள் நீராட்டுக்கு அவர் வரவில்லை. ஒரு வருஷம் பேச்சே இல்லை. இந்த டிரெய்லர் வேலைக்கும் சொன்னவர் அவர்தான்.

மாமா ஸ்பீக்கரில் போட்டார். மொத்தத்தையும் ஒரே மூச்சில் சொன்னார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் எங்கோ ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கும் பீப் சத்தம் மட்டும்.

"கம்பெனிக்குச் சொல்லிட்டியா?"

"இல்லண்ணே. உங்ககிட்டதான் மொதல்ல."

"சரி, சொல்லிடு. எனக்கு போன் வந்தா நான் பேசிக்கிறேன். ஒரிஜினல் லைசென்ஸ் எதுவும் குடுத்து வெச்சியா?"

"ஜெராக்ஸ்தான் குடுத்தேன்."

"அப்ப சரி. புள்ள நல்லா படிக்குதா?"

போனை வைத்த மாமா, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெயில் அதிகமாக இருப்பதாகச் சொன்னார். நாங்கள் ஃபேனுக்கு நேர் கீழேதான் உட்கார்ந்திருந்தோம்.

பிறகு கம்பெனிக்குப் போன் செய்து பேசினார், மெசேஜையும் அனுப்பினோம். சூப்பர்வைசர் கொஞ்சம் முணுமுணுத்தார். சாயங்காலம் ஹெச்.ஆரிடமிருந்து 'ஓகே, முன்கூட்டியே சொன்னதற்கு நன்றி' என்று பதில் வந்தது. மாமா அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினார்.

திங்கட்கிழமை காலை, காட்டுப்பள்ளிக்குக் கிளம்பும் முன்னால் மாமா என்னைக் கூப்பிட்டார். நசரத்பேட்டைக்காரர்கள் மறுபடியும் போன் செய்தார்களாம், தெரிந்த டிரைவர் வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்க. தன்னோடு முன்பு ஓட்டிய ஒரு பையனின் நம்பரைக் கொடுத்திருக்கிறார்.

பின்னாலிருந்து பாட்டியின் குரல் கேட்டது.

"இந்தத் தடவ எனக்கு என்ன நோவுன்னு சொன்ன அவங்ககிட்ட?"