சுண்டுவிரலுக்கு ஒரு சத்தம்

மலிவான மெக்கானிக்கல் கீபோர்டு ஒன்றைக் கையில் எடுத்து விரலால் தட்டிப் பாருங்கள். காலி பிஸ்கட் டப்பா மாதிரி ஒலிக்கும். உள்ளே ஏதோ கழன்று கிடக்கிறது என்று தோன்றும். எதுவும் கழன்றிருக்காது, காலியாக இருக்கிறது, அவ்வளவுதான். ஒரு பிளாஸ்டிக் பெட்டி, பாதி உயரத்தில் ஒரு சர்க்யூட் போர்டு, அதற்குக் கீழே வெறும் காற்று. விசையைத் தட்டும்போது அந்தக் காற்றும் சேர்ந்து அதிர்கிறது. கடத்தின் வயிற்றில் இருப்பது வேண்டுமென்றே செய்து வைத்த வெற்றிடம். கீபோர்டில் இருப்பது விலையைக் குறைக்கப் போய் வந்த வெற்றிடம்.

இதைச் சரிசெய்வதற்கென்றே ஒரு தனி உலகம் இருக்கிறது. அலுமினியத்தைக் கடைந்து செய்த பெட்டி, பித்தளைத் தகடு, மாதக்கணக்கில் முன்பணம் கட்டிக் காத்திருந்து வாங்கும் கீகேப்கள். அங்கே 20,000 ரூபாய், 30,000 ரூபாய் எல்லாம் சாதாரணம். சத்தத்துக்கு அவர்கள் 'தாக்', 'க்ளாக்', 'க்ரீமி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சடசட, கடகட, கிணுகிணு, நறநற என்று இரட்டைக்கிளவியிலேயே பேசி வளர்ந்தவனுக்கு இது எந்த மூலைக்கு? ஆனாலும் அந்த ஆசை எனக்குப் புரிகிறது. நாளுக்குப் பத்து மணி நேரம் தொட்டுக்கொண்டே இருக்கும் ஒரே பொருள் அதுதான். மனைவி மக்களைக்கூட நான் அவ்வளவு நேரம் தொடுவதில்லை.

என் தேவை அதைவிட எளிமையானது. பெருங்குடியில் இரண்டு படுக்கையறை வீடு. ஒன்றில் மனைவியும் மகளும், இன்னொன்றில் வீட்டுக் கடன் வாங்கிய காலத்திலிருந்து பிரிக்கப்படாத அட்டைப்பெட்டிகளும் துணி காயப்போடும் ஸ்டாண்டும். மேஜை ஹாலில். அப்பா இறந்த பிறகு பாளையங்கோட்டையிலிருந்து வந்த அம்மாவும் ஹாலில்தான் படுப்பாள். உள்ளறை காற்று அவளுக்கு ஆகாது. நான் எழுதுவது இரவு பத்தரைக்கு மேல்தான். பகலில் அலுவலகத்துக்கு ஜாவா, இரவில் எனக்குத் தமிழ். லேப்டாப்பின் தட்டையான விசைகளில் இரண்டையும் அடித்து மணிக்கட்டு வலிக்கத் தொடங்கியிருந்தது. ஆக, நல்ல கீபோர்டு வேண்டும், நாலடி தள்ளிப் படுத்திருப்பவள் எழுந்துவிடக் கூடாது, மொத்தச் செலவு 2,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மூன்றாவது நிபந்தனை இ.எம்.ஐ. போட்டது.

கூட வேலை பார்க்கும் பையன் ஒருவன் பழையதை 1,200 ரூபாய்க்குக் கொடுத்தான். 87 விசை, சிவப்பு ஸ்விட்ச். ஸ்விட்சுகளைச் சால்டரிங் இல்லாமல் பிடுங்கி மாற்றும் வகை.

இந்த விலைக்கு இது கிடைப்பதன் பின்னால் ஒரு காப்புரிமைக் கதை உண்டு. விசைக்கு ஒரு தனி ஸ்விட்ச் என்ற இந்த அமைப்பில் இன்று உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் வடிவம் ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்தது. அதன் காப்புரிமை பத்தாண்டுகளுக்கு முன்பு காலாவதியானதும் கேட்ரான், கைல், அவுட்டெமு என்று சீன நிறுவனங்கள் அதே அளவில், அதே சிலுவைத் தண்டோடு செய்து குவித்தன. நிறத்தை வைத்துக் குணம் சொல்வது செர்ரியின் பழக்கம். சிவப்பு என்றால் தடையில்லாமல் வழுக்கி இறங்கும், பழுப்பு நடுவில் லேசாக இடறும், நீலம் இடறுவதோடு 'டிக்' என்று வாய்விட்டும் சொல்லும். விசை மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும். ஆனால் பாதி வழியில், 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து கணினிக்குப் போய்விடும். மீதிப் பாதி நாம் சும்மா குத்துவது. சிவப்பு ஸ்விட்சில் சத்தம் பெரும்பாலும் அந்தக் குத்தில் வருகிறது, கொஞ்சம் விசை திரும்பி மேலே வந்து இடிப்பதிலும்.

முதல் நாள் ராத்திரி அரைப் பக்கம் அடித்திருப்பேன். இருட்டிலிருந்து குரல் வந்தது.

"ஏல, அந்த நீளக் கட்டை கலகலங்கு. மத்ததெல்லாம் டொக்குடொக்குங்கு. ஒரே மிஷின்ல எப்படி ரெண்டு சத்தம்?"

அம்மா பாளையங்கோட்டையில் கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஜாப் டைப்பிங் கடையில் 19 வருஷம் வேலை பார்த்தவள். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர். மனு, அபிடவிட், வாடகை ஒப்பந்தம், யாராவது கையில் எழுதிக்கொண்டு வரும் மொட்டைக் கடிதம்கூட. பக்கத்து மிஷினில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமல் சொல்வாளாம். கடையில் கம்ப்யூட்டர் வந்ததும் முதலாளி ஒரு பையனை வேலைக்கு வைத்தார். அவனுக்கு வேலை சொல்லிக் கொடுக்க மூன்று மாதம் அம்மாவை இருக்கச் சொன்னார், அப்புறம் வர வேண்டாம் என்றார். அதற்குப் பிறகு அவள் எந்த விசையையும் தொடவில்லை. இப்போது காலையில் விரல் மூட்டுகள் வீங்கி மடங்காது. சட்னிக்கு வெங்காயம் உரிக்கவே பத்து மணி ஆக வேண்டும்.

அவள் சொன்ன நீளக் கட்டை ஸ்பேஸ்பார். நீளமான விசைகள் ஒரு பக்கமாகச் சாயாமல் இறங்குவதற்குக் கீழே ஒரு கம்பி உண்டு, ஸ்டெபிலைசர் என்பார்கள். ஸ்பேஸ்பார், என்டர், பேக்ஸ்பேஸ், இரண்டு ஷிஃப்ட் ஆகிய ஐந்துக்கு. கம்பியின் முனை பிளாஸ்டிக் துளைக்குள் தளர்வாக ஆடும்போது வருவது அந்தக் கலகல. மருந்துக்கடையில் பத்து ரூபாய்க்குத் துணி பேண்டெய்ட் வாங்கி, பஞ்சை நீக்கிவிட்டு, கம்பியின் காலடி போர்டில் இடிக்கும் இடங்களில் வெட்டி ஒட்டினேன். கம்பி முனையில் கெட்டியான கிரீஸ். கம்பி வளைந்திருக்கிறதா என்று கண்ணாடி மேல் வைத்துப் பார்க்க வேண்டும், ஒரு முனை எழும்பினால் விரலால் நிமிர்த்த வேண்டும். மற்ற எதையும் செய்ய முடியாதவர்கள் இதையாவது செய்யலாம். மலிவுக் கீபோர்டின் மானத்தை வாங்குவது அதன் ஸ்பேஸ்பார்தான்.

வயிற்று வெற்றிடத்துக்குப் பள்ளிக் குழந்தைகள் கைவேலைக்கு வாங்கும் ஃபோம் ஷீட், ஸ்டேஷனரி கடையில் 60 ரூபாய்க்கு. சர்க்யூட் போர்டின் முதுகில் மூன்று அடுக்கு மாஸ்கிங் டேப், 45 ரூபாய். காகித டேப் என்று கேட்டு வாங்க வேண்டும். இந்த இரண்டையும் செய்து மூடியதும் வித்தியாசம் உடனே கேட்டது. பிஸ்கட் டப்பா போய், மரப்பெட்டி ஆனது.

பிறகுதான் உண்மையான வேலை. ஸ்விட்சுகளுக்குக் கிரீஸ் போடுவது.

இதற்கென்று விற்கும் உயர்தர கிரீஸ் ஒரு சின்ன டப்பாவே என் பட்ஜெட்டைத் தின்றுவிடும். டெஃப்லான் கலந்த சாதாரணச் செயற்கை கிரீஸ் ஒரு ட்யூப் 320 ரூபாய்க்குக் கிடைத்தது. பிளாஸ்டிக்கைத் தின்னாது, மின்சாரம் கடத்தாது. அது போதும். தேங்காய் எண்ணெய் போடலாமே என்று ஒரு நண்பன் கேட்டான். மார்கழியில் உறைந்து போகிற ஒன்றை நம்பிக் கட்டுரை எழுத முடியாது. தையல் மிஷின் எண்ணெயும் வேண்டாம், நிற்காமல் வழிந்துவிடும். ஸ்விட்சின் மூடியை நான்கு கொக்கிகள் பிடித்திருக்கும். வளைத்த பேப்பர் க்ளிப் இரண்டை வைத்து நெம்பினால் மூடி, தண்டு, ஸ்பிரிங், அடிப்பாகம் என்று நான்காகப் பிரியும். அடிப்பாகத்திலேயே மின்தொடர்பு கொடுக்கும் தாமிர இலை நிற்கும். பூஜ்ஜியம் நம்பர் பெயின்ட் பிரஷ்ஷில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் கிரீஸ் தொட்டு, தண்டின் இரண்டு பக்கங்களிலும், அது வழுக்கும் தடங்களிலும் தடவ வேண்டும். கூடினால் விசை கூழில் இறங்குவது போல இறங்கும். ஸ்பிரிங்கின் நுனியில் ஒரு தொடல். தாமிர இலையைச் சீண்டக் கூடாது. மூடி, காதருகே வைத்து அமுக்கிப் பார்த்து, அடுத்தது. ஒன்றுக்கு இரண்டு மூன்று நிமிடம், மொத்தம் 87. நான்கு ராத்திரி ஆனது.

ஒரு மென்பொருள்காரனுக்கு இதில் ஒரு விசித்திரமான நிம்மதி இருக்கிறது. நான் அலுவலகத்தில் தொடும் எதற்கும் அடிப்பாகம் என்று ஒன்று கிடையாது. ஒரு அடுக்கைத் திறந்தால் இன்னொருவர் எழுதிய இன்னொரு அடுக்கு. இங்கே நான்கு துண்டோடு முடிகிறது. அதற்குக் கீழே மேஜைதான்.

அந்த நான்கு ராத்திரியும் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் கடையில் மிஷின் துடைக்கும் கதை வந்தது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தொட்டு அச்சுகளைத் தேய்ப்பார்களாம். சுழி உள்ள எழுத்துகளில் மை அடைத்துக்கொள்ளும், குண்டூசியால் தோண்டி எடுக்க வேண்டும். "ஐ-ல தான் ஜாஸ்தி சேரும். அதச் சுத்தம் பண்ணாட்டி ஐயாவே அழுக்கா விழும். மனுவக் கொண்டுபோய் எப்படிக் குடுக்க?"

ஐந்தாவது ராத்திரி எல்லாவற்றையும் மாட்டி ஒரு பக்கம் அடித்தேன். திரைக்குப் பக்கத்தில் வைத்திருந்த கடிகாரத்தின் சத்தம் முதல் தடவையாகக் கேட்டது. அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். 1,635 ரூபாய். இந்த இடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் குளித்துவிட்டு வந்தபோது அம்மா மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள். விரல்களை ய, ள, ன, க இருக்கும் இடத்தில் வைத்திருந்தாள், அதாவது ஏ, எஸ், டி, எஃப் மேல். தட்டவில்லை.

நான் அடிப்பது தமிழ்99. 1999இல் தமிழக அரசு அங்கீகரித்தது. உயிர் இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில். அதில் ஒரே மெய்யை இரண்டு தடவை அடித்தால் முதலாவதுக்குப் புள்ளி தானே வந்துவிடும். 'அம்மா' என்று அடிக்க நான்கே தட்டு, புள்ளியைத் தொடவே வேண்டாம். அம்மாவின் ரெமிங்டனில் கதை வேறு. அங்கே புள்ளி ஒரு தனி விசை, வலது சுண்டுவிரலுக்குக் கீழே, ஆங்கிலக் கீபோர்டில் அரைப்புள்ளி இருக்கும் இடத்தில். அதைத் தட்டினால் காகிதத்தில் புள்ளி விழும், ஆனால் வண்டி நகராது. அப்புறம் மெய்யை அடித்தால் அந்தப் புள்ளிக்குக் கீழே வந்து எழுத்து உட்காரும். நாம் கையால் எழுதும்போது எழுத்துக்குப் பிறகு வைப்பதை அவள் 19 வருஷம் எழுத்துக்கு முன்னால் வைத்திருக்கிறாள்.

கிடைக்கிற மென்பொருள்களைத் தேடாமல் நானே ஒரு சின்ன நிரல் எழுதினேன். அம்மாவின் மிஷினில் இருந்த வரிசை, புள்ளி முதலில், எழுத்து பிறகு. எந்த விசையில் என்ன என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. காற்றில் அடித்துக் காட்டினாள், நான் விரலைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். பிறகு, காலைப் பத்து மணிக்கு மேல், விரல்கள் மடங்கத் தொடங்கியதும் உட்கார்ந்தாள். முதலில் விழுந்த சொல் 'அனுப்புநர்'. அடுத்து அவள் பெயர், காலமான அப்பாவின் பெயர், பாளையங்கோட்டை முகவரி. பெறுநர், வட்டாட்சியர். பொருள், பட்டா பெயர் மாற்றம் தொடர்பாக. இரண்டு வருஷமாக நான் "பார்த்துக்கலாம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்த மனு.

அவள் தட்டுவது எங்களைப் போல இல்லை. சூடான தோசைக்கல்லைத் தொட்டு எடுப்பது மாதிரி, விரல் இறங்கியதும் ஏறிவிடும். ரெமிங்டன் விசைக்குக் கொடுத்த பலத்தில் ஒரு துளிகூட இதற்குத் தேவையில்லை. செர்ரியின் சிவப்புக்கு 45 கிராம் எடை போதும், இதற்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். மூட்டு வலிக்கவில்லை என்றாள். ஆனால் பாதிச் சொற்களில் புள்ளி இல்லை. 'பட்டா' 'படடா' ஆகியிருந்தது. சில இடத்தில் இரண்டு தடவை தட்டியிருந்தாள்.

"புள்ளி அடிச்சேனா இல்லையான்னே தெரியல. அங்கன வண்டி நகராது, கைக்குத் தெரியும். இங்க எல்லாமே ஒண்ணுபோல இறங்குது."

"ஸ்க்ரீனைப் பாரும்மா."

"பாத்து அடிக்கவா நான் படிச்சேன்?"

நியாயம். நகலைப் பார்த்து அடிப்பவர்களுடைய கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும், காகிதத்தில் இருக்காது. கையும் காதும்தான் சரிபார்க்கும். நான் நான்கு ராத்திரி உட்கார்ந்து அழித்தது சரியாக அதைத்தான். போதாததற்கு என் நிரலிலும் மெய் வரும் வரை புள்ளி திரையில் தெரியாது.

மறுநாள் மாலை ரிச்சி தெருவுக்குப் போனேன். ஒரு கீபோர்டு ரிப்பேர் கடையில் செத்துப்போன கீபோர்டு ஒன்றிலிருந்து நீல ஸ்விட்ச் ஒன்றைக் கழற்றித் தரச் சொன்னேன். "ஒண்ணே ஒண்ணா?" என்று கடைக்காரர் இரண்டு தடவை கேட்டார். என் போர்டின் துளைகள் குறுகலானவை, மெல்லிய கால் உள்ள ஸ்விட்ச் மட்டுமே இறங்கும். அதைப் பார்த்து எடுத்ததில் அரை மணி நேரம். இருபது ரூபாய். அதற்குக் கிரீஸ் போடவில்லை.

அரைப்புள்ளி விசையின் சிவப்பைப் பிடுங்கிவிட்டு நீலத்தைச் சொருகினேன். 86 விசைகள் மரப்பெட்டி, ஒன்று மட்டும் 'டிக்'. அம்மா சுண்டுவிரலால் நாலு தடவை தட்டிப் பார்த்தாள். பிறகு 'பட்டா' என்று அடித்தாள். 'டிக்' கேட்டதும் ட, இன்னொரு ட.

என் பக்கத்து விளைவு இது: ஜாவாவில் ஒவ்வொரு கூற்றும் அரைப்புள்ளியில் முடிவதால் ஆபீஸ் வேலையில் வரிக்கு வரி டிக். தமிழ்99இல் அதே விசை ந. நான், நீ, நாளை, நடுநிசி, எல்லாம் டிக். ராத்திரி எழுதும்போது தன்னிலையில் எத்தனை வாக்கியம் எழுதுகிறேன் என்று ஹாலுக்கே தெரிகிறது. அம்மா எழுந்ததாகத் தெரியவில்லை. எழுந்தாலும் சொல்ல மாட்டாள்.

மனு மூன்று நாளில் முடிந்தது. ஒன்றரைப் பக்கம், ஒரு பிழை இல்லை. பிரிண்ட் எடுத்து அவள் கையெழுத்துப் போட்டு, சித்தப்பா மூலம் வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டும் வாங்கியாயிற்று. அடுத்து எதிர்வீட்டுக்காரரின் குடிநீர் இணைப்பு மனு. அவரிடம் இவளே கேட்டு வாங்கியிருக்கிறாள்.

நேற்று சாப்பிடும்போது கேட்டாள், "வரி முடியப் போகும்போது மணி அடிக்குமே, அது இதுல வராதா?"

அது ஸ்விட்ச் வேலை இல்லை, நிரல் வேலை. காசே ஆகாது. எத்தனாவது எழுத்தில் அடிக்க வேண்டும் என்று கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே கண்ணை மூடி, இடது கையால் தட்டு விளிம்பில் எண்ணத் தொடங்கினாள்.