திருத்தணி எஸ்.பி.பி.

திருத்தணியிலிருந்து சென்னைக்குப் போகும் காலை லோக்கலில் சீசன் டிக்கெட்காரர்களுக்கு என்று சில வழக்குகள் உண்டு. தீர்ப்பே வராத வழக்குகள். அவற்றில் மூத்தது, எஸ்.பி.பி.யா ஜேசுதாஸா என்பது. அரக்கோணத்தில் யாராவது போனில் ஒரு பாட்டைப் போட்டால் போதும், ஆவடி வரைக்கும் தாங்கும். நான் அம்பத்தூரில் இறங்குகிறவன். எட்டு வருடமாக இரண்டு பக்க வாதமும் எனக்கு மனப்பாடம்.

எஸ்.பி.பி. கட்சி எண்ணிக்கையில் ஆரம்பிக்கும். நாற்பதாயிரம் பாட்டு, ஒரே நாளில் இருபத்தொரு பாட்டு, நான்கு மொழிகளில் ஆறு தேசிய விருது. ஜேசுதாஸ் கட்சி உடனே எட்டு தேசிய விருது என்று சொல்லிவிட்டு, செம்பை வைத்தியநாத பாகவதரிடம் பாடம் கேட்டவர் என்று முடிக்கும். மூச்சு விடாமல் பாடினாரே என்பார்கள். சுருதி நகர்ந்ததுண்டா என்று திருப்பிக் கேட்பார்கள். நடுவில் ஒரு பெரியவர் டி.எம்.எஸ். பெயரைச் சொல்வார். இரண்டு கட்சியும் ஒரு நிமிடம் மரியாதையாக மௌனம் காத்துவிட்டு மறுபடி தொடங்கும்.

எங்கள் பக்கத்தில் இந்தச் சண்டைக்கு ஒரு கூடுதல் சூடு உண்டு. எஸ்.பி.பி. பிறந்தது பள்ளிப்பட்டுப் பக்கம் கோணேட்டம்பேட்டையில், 1946இல். அப்போது அது சென்னை மாகாணம். 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி.யும் மற்றவர்களும் நடத்திய போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணியோடு சேர்ந்து இந்தப் பக்கம் வந்தது. அவர் சிறுவயதில் மாமா வீட்டில் தங்கிப் படித்த நகரியோ ஆந்திராவிலேயே இருந்துவிட்டது. அதனால் எங்கள் ரயிலில் ‘நம்மாளு’ என்று அவரைச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள்.

நகரியில் போய் இதே பேச்சை எடுத்தால் வழக்கே வேறு. அங்கே எதிர்க்கட்சி ஜேசுதாஸ் இல்லை, கண்டசாலா. விஜயநகரம் இசைக் கல்லூரியில் முறையாகப் படித்த கண்டசாலாவின் கனத்துக்கு முன்னால் பாலு நிற்பாரா என்பதுதான் கேள்வி. பதினைந்து கிலோமீட்டருக்குள் ஒரே பாடகர் இரண்டு வேறு பாடகர்களோடு மோதுகிறார். இங்கே அவரிடம் குறையாகச் சொல்வது குரலின் கனிவு, அங்கே குரலின் கம்பீரம். நாம் யாரைக் கேட்டு வளர்ந்தோமோ அவர்தான் நமக்கு அளவுகோல் என்பதை இந்த எல்லைக்கோட்டைப் போல வேறெதுவும் எனக்குக் காட்டியதில்லை.

நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். எதையும் அளக்க முடியுமா என்று பார்ப்பது தொழில் புத்தி. நாற்பதாயிரத்தை 1966லிருந்து 2020 வரைக்கும் வகுத்தால் ஒரு நாள்கூட விடாமல் தினம் இரண்டு பாட்டு வருகிறது. அது உழைப்பைச் சொல்லும், பாட்டைச் சொல்லாது. ‘கேளடி கண்மணி’யின் மூச்சுவிடாத பாட்டை எடுத்துக்கொண்டால், ஒலிநாடாவில் மூச்சை வெட்டி ஒட்டுவது 1990இல் பெரிய வித்தை இல்லை. சாஸ்திரீயப் பயிற்சி? அனந்தபூரில் பொறியியல் சேர்ந்து, டைபாய்டு வந்து விட்டுவிட்டு, சென்னையில் ஏ.எம்.ஐ.இ. படிக்க வந்த பையன், முறையாகச் சங்கீதம் கற்காமலே ‘சங்கராபரணம்’ படத்தில் ஒரு மகாவித்வானுக்குக் குரல் கொடுத்து முதல் தேசிய விருதை வாங்கினார். சுருதி சுத்தம்? 1997இல் ஆட்டோடியூன் சந்தைக்கு வந்தது. அதை உருவாக்கிய ஆண்டி ஹில்டிபிராண்ட் அதற்கு முன்னால் பூமிக்கடியில் எண்ணெய் தேடுவதற்காக நில அதிர்வு அலைகளை அலசிக்கொண்டிருந்தவர். அதே வகைக் கணக்கு குரலையும் இழுத்து இடத்தில் உட்கார வைத்தது. அதற்குப் பிறகு சுருதி சுத்தத்தை மட்டும் காட்டி யாரையும் நல்ல பாடகர் என்று நிரூபிக்க முடியாது.

ரயிலில் பேசப்படும் நான்கு அளவுகோலும் இப்படி ஒவ்வொன்றாகக் கழன்று விழுகின்றன. மீதி என்ன இருக்கிறது என்று எனக்குச் சொன்னவர் என் மாமா.

அம்மாவின் தம்பி. பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டினார். தறிக்கொட்டகையில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. அந்தச் சத்தத்துக்கு நடுவே கத்திப் பாடித்தான் தொண்டையைத் திறந்தார் என்பார்கள். எண்பதுகளின் கடைசியில் ஓர் ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்தார். ஆடிக் கிருத்திகை, கல்யாணம், கங்கையம்மன் ஜாத்திரை என்று சோளிங்கர், அரக்கோணம், புத்தூர், நகரி எல்லாம் சுற்றினார். முதல் நோட்டீஸில் அவர் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘எஸ்.பி.பி. குரல்’ என்று இருந்தது. இரண்டு வருடம் கழித்து ‘திருத்தணி எஸ்.பி.பி.’ என்று பெரிதாகப் போட்டு, பெயர் அடைப்புக்குறிக்குள் போனது. பிறகு அதையும் எடுத்துவிட்டார்கள். என் கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயரைப் பார்த்து, “இது யாருப்பா?” என்று கேட்டவர்கள் உண்டு.

நம் சினிமாவில் பாட்டுக்காரரின் நட்சத்திர அந்தஸ்து விசித்திரமானது. மைக்கேல் ஜாக்சனுக்குக் குரலும் முகமும் காலும் ஒரே ஆள். இங்கே குரல் ஒருவர், முகம் இன்னொருவர். டி.எம்.எஸ். எம்.ஜி.ஆருக்கு ஒரு மாதிரியும் சிவாஜிக்கு வேறு மாதிரியும் பாடினார். ரசிகன் திரையில் யார் வாயசைக்கிறாரோ அவரே பாடுவதாக நம்பினான். எஸ்.பி.பி.யும் அந்த வழியில் வந்தவர்தான். எம்.ஜி.ஆருக்கு ‘அடிமைப்பெண்’ணில் தொடங்கி கமல், ரஜினி, மோகன், இந்தியில் சல்மான்கான் வரை முகங்களுக்குக் குரல் கொடுத்தார். என் மாமா அந்தக் குரலுக்கு ஒரு முகம் கொடுத்தார். வயிற்றையும் கொஞ்சம் கொடுத்தார். ஊர் ஜனம் அதையும் ரசித்தது.

ஒரு நாள் ரயில் வழக்கை அவரிடம் கொண்டுபோனேன். எஸ்.பி.பி. பக்கம் பேசுவார் என்று நினைத்தேன். அவர் பேசியது வேறு.

“ஜேசுதாஸ் பாட்டு எடுத்தா தொண்டைதான்டா பிரச்சன. அந்தத் தொண்ட உனுக்கு இருந்தா பாதி தாண்டிட்ட. இல்லையா, உட்டுட்டு போய்க்கினே இருக்கணும். பாலு சாரு அப்படி இல்ல. உள்ள வா வான்னு கூப்புடுவாரு. யார் வேணா பாடலாம் மாதிரி இருக்கும். நம்பி உள்ள போனாத்தான் தெரியும்.”

“இன்னா தெரியும்?”

“அந்தச் சிரிப்பு கீதே, பாட்டுக்கு நடுவுல சிரிப்பாரே. அத்த எவன் வேணா சிரிப்பான். நான் பத்து நாள்ல புடிச்சிட்டேன். சிரிப்பு முடிஞ்சி அடுத்த வரி வருது பாரு, அதுல சிரிப்பு இருக்காது. ஆனா சிரிச்சவன் பாடற வரியா இருக்கும். அதான்டா எனுக்கு முப்பது வருசமா வரல. நான் சிரிப்பேன், அப்புறம் பாடுவேன். அவரு சிரிச்சிட்டுப் பாடுவாரு.”

இசை விமர்சனம் என்று நிறைய வாசித்திருக்கிறேன். இந்த வித்தியாசத்தை யாரும் இப்படி எனக்குச் சொன்னதில்லை. போலி செய்கிறவனுக்குத்தான் அசலின் எந்த இடம் கைக்கு வரவில்லை என்று துல்லியமாகத் தெரியும். மாமா சொன்ன பிறகு நான் எஸ்.பி.பி.யைக் கேட்கும் விதம் மாறியது. அலங்காரத்தை விட்டுவிட்டு, அலங்காரத்துக்கு அடுத்த சொல்லைக் கவனிக்க ஆரம்பித்தேன். முதலில் வந்தபோது எம்.எஸ்.வி. அவரைத் தமிழ் உச்சரிப்பைச் சரிசெய்துகொண்டு வரச் சொல்லி அனுப்பினார் என்பது தெரிந்த கதை. தாய்மொழியில் பாடுகிறவனுக்குச் சொல் தானாக வந்து விழும். கற்றுக்கொண்டு வந்தவன் ஒவ்வொரு சொல்லையும் கையில் எடுத்துப் பார்த்துத்தான் வைப்பான். அவருடைய தமிழில் எனக்கு அந்தக் கவனம் கேட்கிறது. நல்ல பாடகர் யார் என்று இன்று யாராவது கேட்டால், சொல்லிலிருந்து சொல்லுக்குப் போகும்போது ஆளே மாறிப்போகாமல் இருப்பவர் என்பேன். ஜேசுதாஸும் அப்படித்தான், கண்டசாலாவும் அப்படித்தான். ரயிலில் இதைச் சொன்னால் இரண்டு கட்சியும் சேர்ந்து என்னைத்தான் இறக்கிவிடும்.

2020 செப்டம்பர் 25 மதியம் மாமாவின் போன் ஓயவே இல்லை. திருத்தணியிலிருந்தும் நகரியிலிருந்தும் துக்கம் விசாரித்தார்கள். சொந்த அண்ணன் போனதுபோல எல்லோருக்கும் பதில் சொன்னார். மறுநாள் எங்கள் மாவட்டத்திலேயே, தாமரைப்பாக்கத்தில் எஸ்.பி.பி.யை அடக்கம் செய்தார்கள். கொரோனாக் காலம், மாமா போகவில்லை. திருவிழாக்கள் நின்றிருந்த வருடம் அது. மறுபடி தொடங்கியபோது பத்துப் பேர் ஆர்கெஸ்ட்ரா இருந்த இடத்தில் லேப்டாப்பும் ட்ராக்கும் இருந்தன. சம்பளம் பாதியானது. மேல் ஸ்தாயி ஏறும்போது குரல் இரண்டாகப் பிரிந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, குரல்நாணில் சதை வளர்ந்திருக்கிறது, இனி கத்திப் பாடக்கூடாது என்றார்.

அந்தச் சமயத்தில்தான் இயந்திரம் வந்தது. ‘லால் சலாம்’ படத்தில் ஏ.ஆர்.ரஹ்மான், மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் குடும்பத்தாரின் அனுமதியோடும் சன்மானத்தோடும் செயற்கை நுண்ணறிவால் மீட்டுப் பாட வைத்தார். ‘கீடா கோலா’ என்ற தெலுங்குப் படத்தில் எஸ்.பி.பி. குரலை அனுமதியில்லாமல் அப்படிப் பயன்படுத்தியதாக அவர் மகன் சரண் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். எனக்கு அந்தத் தொழில்நுட்பம் ஓரளவு தெரியும். பழைய ஒலிப்பதிவுகளைக் கொடுத்தால் குரலின் நிறத்தைப் படித்துக்கொள்ளும், பிறகு வேறு யார் பாடியதையும் அந்த நிறத்தில் தோய்த்துக் கொடுக்கும். எஸ்.பி.பி. காலத்துக்குப் பின் வந்த ஒரு பாட்டை அவர் குரலில் யாரோ செய்து போட்டிருந்ததை மாமாவிடம் காட்டினேன்.

ஹெட்போனைப் போட்டுக்கொண்டு முழுதும் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை கேட்டார். கழற்றிக் கையில் கொடுத்தார்.

“இது பாலு சாரு பாடற மாதிரி இல்லடா” என்றார். “நான் பாடற மாதிரி கீது.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. முப்பது வருடம் நின்று, விடிய விடியப் பாடி, தொண்டையைக் கொடுத்துச் செய்ததை ஒரு கம்ப்யூட்டர் சில மணி நேரத்தில் செய்துவிட்டது. அவர் தவறவிட்ட அதே இடத்தை அதுவும் தவறவிடுகிறது. அதில் அவருக்கு நிம்மதியா அவமானமா என்று நான் கேட்கவில்லை. பத்து நிமிடம் கழித்து அவரே, “அதுக்கு டீக்காசு கூடக் குடுக்கத் தேவையில்ல, இல்ல?” என்றார்.

திருத்தணி மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படிகள். டிசம்பர் 31 இரவு படித் திருவிழா. ஆங்கிலப் புத்தாண்டன்று வெள்ளைக்கார துரைகள் வீட்டு வாசலில் காத்துக் கிடந்தவர்களை முருகனிடம் திருப்புவதற்காக வள்ளிமலை சுவாமிகள் நூறாண்டுக்கு முன் தொடங்கியது. மைசூர் அரண்மனையில் சமையல் வேலை பார்த்தவர் அவர். படிக்கு மஞ்சள் குங்குமம் இட்டு, கற்பூரம் ஏற்றி, ஒவ்வொரு படியிலும் ஒரு திருப்புகழ். பல ஊர்களிலிருந்து பஜனைக் குழுக்கள் வருகின்றன. ஒரு குழு பாடுவது முடியுமுன் அடுத்த குழு கீழ்ப்படியில் ஆரம்பித்துவிடும். அங்கே யார் நன்றாகப் பாடினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் கண்டுபிடிக்க முடியாது.

போன டிசம்பரில் மாமா ஒரு குழுவோடு போனார். டாக்டர் சொன்னபடி கீழ் சுருதியில், கத்தாமல். நான் நாலு படி கீழே நின்றேன். இருபது பேர் இருப்பார்கள். அருணகிரிநாதரின் சந்தம் வேகம் பிடித்தபோது மாமாவின் குரலைத் தேடினேன். எனக்குத் தெரிந்திருந்தது அவர் பாடிய எஸ்.பி.பி. குரல்தான். அந்தக் குரல் அங்கே இல்லை. வாய் அசைவது தெரிந்தது, சத்தம் எது என்று பிரிக்க முடியவில்லை. ஏழெட்டுப் படி ஏறிய பிறகுதான், கொஞ்சம் கரகரப்பாக, மூக்கில் லேசாகப் பட்டு வருகிற ஒரு குரல் அவருடையது என்று பிடிபட்டது. அம்மா தாலாட்டும்போது வருகிற மூக்கு அது. பெரிய குரல் ஒன்றும் இல்லை.

மேலே மண்டபத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபோது, எந்த சுருதியில் பாடினீங்க மாமா என்று கேட்டேன். மேடையில் கீபோர்டுக்காரரிடம் அரைக் கட்டைக்குச் சண்டை போடுகிறவர் அவர்.

“தெரியலடா” என்றார். “பக்கத்துல ஒரு பெரியவரு பாடிக்கினு இருந்தாரு. அத்தப் புடிச்சிக்கினேன்.”