ஃபார்மட் போடும் முன் ஒரு நிமிஷம்... அருமனை வீட்டில் ஒரு பழைய லேப்டாப் பிழைத்த கதை!

பவர் பட்டனை அழுத்திவிட்டு அவள் சமையலறைக்குப் போவாள். தேங்காய் துருவி, சட்னி அரைத்து, தாளித்துக் கொட்டிவிட்டு வந்து பார்த்தாலும் திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

"இதுக்கும் வயசாயிட்டு மக்களே..." என்பார் அம்மா.

கன்னியாகுமரி மாவட்டம் அருமனை. ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓர் ஓட்டு வீடு. அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் தொழிலாளி. விடியும் முன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. அண்ணன் சவூதியில் எலெக்ட்ரீஷியன். மகள் பி.காம் இறுதியாண்டு.

அந்த லேப்டாப், 2018-ல் அண்ணன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. அவன் டிப்ளமோ முடித்ததும் அதில்தான். கொரோனா காலத்தில் தங்கை ஆன்லைன் வகுப்பு படித்ததும் அதில்தான். இப்போது அவளுக்கு ஒரு நிறுவனத்தில் வேலைக்கான வீடியோ இன்டர்வியூ. லேப்டாப்பில்தான் வர வேண்டும், போனில் கூடாது என்று மெயிலில் சொல்லியிருந்தார்கள். தோழியோடு ஒத்திகை பார்த்தபோது மூன்றாவது நிமிஷமே படம் உறைந்தது. வாய் திறந்தபடி அவள் முகம் திரையில் அப்படியே நின்றது. இன்டர்வியூவுக்கு இன்னும் ஐந்து நாள்தான்.

"ஃபார்மட் போட்டா சரியாகும்!"

மறுநாள் பஸ் ஏறி ஒரு கடைக்குக் கொண்டு போனாள். கடைக்காரர் இரண்டு நிமிஷம் பார்த்தார். "ஃபார்மட் போட்டா சரியாகும், 800 ரூபா. இல்லேன்னா புதுசு வாங்கிடுங்க" என்றார்.

"உள்ளே இருக்கிறதெல்லாம்..?"

"எல்லாம் போயிரும். பேக்கப் வேணும்னா அதுக்குத் தனி சார்ஜ்."

அவளுக்கு என்னவோ மனசு ஒப்பவில்லை. "வீட்டுல கேட்டுட்டு வாறேன் அண்ணா" என்று லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டாள்.

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. மரப்பட்டை நனைந்தால் வெட்டு கிடையாது. வெட்டு இல்லாத நாளில் கூலியும் கிடையாது. அந்த நிலைமையிலும் அன்று ராத்திரி அம்மா கழுத்துச் சங்கிலியைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "இத வச்சா புதுசு ஒண்ணு வாங்கலாம்லா?" என்று கேட்டார். மகள் பதில் சொல்லவில்லை.

பக்கத்துத் தெருவில் ஓர் அண்ணன் உண்டு. பாலிடெக்னிக் முடித்தவர். பகலில் ஜெராக்ஸ் கடை, மாலையில் தெரிந்தவர்களின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக் கொடுப்பார். மறுநாள் மழைக்கு நடுவே குடை பிடித்துக்கொண்டு வந்தார்.

வாளியும் பீப்பாயும்

அவர் முதலில் எதையும் கழற்றவில்லை. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தார். லேப்டாப்பின் எந்தப் பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் காட்டும் பக்கம் அது. பிராசஸர் 15 சதவிகிதத்தில் சும்மா இருந்தது. மெமரி 88. டிஸ்க் 100.

"ஏதாவது புரியுதா மாமி?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்..?"

"ராம் மெமரிங்கிறது நீங்க பால் எடுக்கக் கொண்டு போற வாளி. ஹார்டு டிஸ்க், தூரத்துல ஷெட்டுல இருக்கிற பீப்பாய். வாளி சின்னதா இருந்தா என்ன செய்வீங்க?"

"பத்து நட கூட நடக்கணும்."

"அதத்தான் இதுவும் செய்யுது. இதுக்க வாளி 4 ஜிபி. 2018-ல அது போதும். இப்போ பிரவுசர்ல அஞ்சாறு பக்கம் தொறந்தாலே நெறஞ்சு போகும். நெறஞ்சதும், வாளியில இருக்கிறதக் கொஞ்சம் டிஸ்க்ல கொண்டு ஊத்தி வைக்கும். வேணும்கிறப்போ போய் எடுத்துட்டு வரும். அந்த நடைதான் நேரம்."

அந்தக் காலத்து லேப்டாப்களில் இருப்பது பெரும்பாலும் சுழலும் ஹார்டு டிஸ்க். நிமிஷத்துக்கு 5,400 முறை சுற்றும் ஒரு தட்டு. அதன் மேல் அங்குமிங்கும் ஓடி, தகவலைத் தேடிப் படிக்கும் ஒரு முள். எஸ்.எஸ்.டி என்கிற புதுவகை டிஸ்க்கில் சுற்றும் தட்டும் இல்லை, ஓடும் முள்ளும் இல்லை. அதனால்தான் அதே பழைய லேப்டாப்பில் எஸ்.எஸ்.டி போட்டால் ஆளே மாறிவிடுகிறது.

"அப்போ அத மாத்தினா போதுமா அண்ணா?"

அவர் பதில் சொல்லாமல் லேப்டாப்பின் ஓரத்தில் காதை வைத்தார். மழைச் சத்தத்துக்கு நடுவே, டிக்... டிக்... என்று ஒன்று.

டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை பென்டிரைவில் கொண்டு வந்திருந்தார். ஹார்டு டிஸ்க்குகள் தம் பழுதுகளைத் தாமே ஒரு கணக்கில் எழுதி வைக்கும். அந்தக் கணக்கை இது படித்துச் சொல்லும். நீல நிறத்தில் 'குட்' என்று வர வேண்டிய இடத்தில், மஞ்சளில் 'காஷன்' என்று எச்சரிக்கை வந்தது.

"தட்டுல சில இடம் கெட்டுப் போச்சு பிள்ளே. அந்த இடம் வந்ததும் விடாம திரும்பத் திரும்ப படிச்சுப் பாக்குது. லேப்டாப் நின்னு நின்னு போறது அதனாலதான். இதுல முக்கியமா ஏதாச்சும் இருக்கா?"

அவள் வாய் திறக்கும் முன், வாசற்படியிலிருந்து அம்மா சொன்னார்.

"அவியளுக்க பாட்டு இருக்கு."

அப்பாவின் பாட்டு

அருமனையில் கிறிஸ்துமஸ் என்றால் ஊரே திரளும். பெரிய விழாப் பந்தல் ஒரு பக்கம் என்றால், டிசம்பர் பிறந்ததும் வீடு வீடாகப் போகும் கேரல் குழுக்கள் இன்னொரு பக்கம். அப்பா கேரலில் பாடுவார். டிரம் அடிக்கும் பையன்களுக்குப் பின்னால் நின்று பாடினாலும் அவர் குரல் தனியாகத் தெரியும் என்பார்கள். அவர் போனில் இருந்த வீடியோக்களை, அவர் இறந்த பிறகு அண்ணன் இந்த லேப்டாப்பில் ஏற்றி வைத்துவிட்டு சவூதிக்குப் போனான். போன் பிறகு தண்ணீரில் விழுந்து போனது. வேறு நகல் எங்கும் இல்லை.

800 ரூபாய் கொடுத்து ஃபார்மட் போட்டிருந்தால்? அந்தக் கேள்வியை அங்கே யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

அவர் உடனே லேப்டாப்பை அணைத்தார். "இனி இத ஆன் பண்ணவே கூடாது. ஒவ்வொரு தடவ சுத்தும்போதும் இன்னும் கொஞ்சம் கெடலாம்." ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி கேஸ் ஒன்றில் போட்டுத் தன் கம்ப்யூட்டரில் இணைத்தார். முழு டிஸ்க்கையும் காப்பி எடுக்க முயலாமல், முதலில் அப்பாவின் வீடியோக்கள்; அடுத்து அவளுடைய புராஜெக்ட்; அப்புறம் போட்டோக்கள் என்று வரிசை வைத்தார். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் எது முக்கியமோ அதை முதலில் எடுத்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு.

ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கியது விடியற்காலைதான் முடிந்தது. 14 வீடியோக்களில் 13 வந்தன. ஒன்று மட்டும் எத்தனை முறை முயன்றும் வரவில்லை.

அதன் பிறகே லேப்டாப்புக்கு வைத்தியம். பின்மூடியைத் திறந்தால், ஃபேன் இறக்கைகளில் பஞ்சு போலத் தூசி. காற்று வெளியேறும் வழியில் எறும்புகள் மண் சேர்த்திருந்தன. பிராசஸர் மேல் இருந்த பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருந்தது. சூடு வெளியேற வழியில்லாவிட்டால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தூசியைத் துடைத்து, புதுப் பேஸ்ட் தடவி, 256 ஜிபி எஸ்.எஸ்.டி ஒன்றும், ஏற்கெனவே பயன்படுத்திய 4 ஜிபி ராம் ஒன்றும் போட்டார். மொத்தச் செலவு 3,200 ரூபாய். கூலி வாங்கவில்லை, அம்மா வற்புறுத்தி ஒரு சீப்பு நேந்திரம்பழம் கொடுத்தனுப்பினார்.

விண்டோஸுக்குப் பதிலாக..!

இன்னொரு முடிவும் எடுக்க வேண்டியிருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகள் இந்த லேப்டாப்பில் இல்லை. அதனால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தார். முதலில் அவள் பயந்தாள். ஆனால் பிரவுசர் அதேதான். வீடியோ கால் அதிலேயே ஓடியது. புராஜெக்ட் ஃபைல் லிப்ரே ஆபீஸில் திறந்தது.

தமிழ்நாட்டுக்கு இது புதிதும் இல்லை. 2011 செப்டம்பர் 15-ம் தேதி அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்த விலையில்லா லேப்டாப் திட்டத்தில், ஆரம்பத்தில் வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. அடுத்தடுத்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு லேப்டாப் கிடைத்தது. அவற்றில் எத்தனையோ இன்று பரணிலும் கட்டிலடியிலும் கிடக்கின்றன. ஒருமுறை திறந்து பார்ப்பதில் தவறில்லை.

உங்கள் லேப்டாப் மெதுவாக இருக்கிறதா?

* முதல் வேலை காப்பி எடுப்பது. ரிப்பேர், ஃபார்மட் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

* டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். மெமரி எப்போதும் 80 சதவிகிதத்துக்கு மேலேயே நின்றால் ராம் போதவில்லை என்று அர்த்தம். லேப்டாப்பைத் திறந்ததும் தானாக ஓடத் தொடங்கும் தேவையில்லாத மென்பொருள்களை முதலில் நிறுத்திப் பாருங்கள்.

* டிஸ்க் ரொம்ப நேரம் 100-லேயே நின்றால் அதன் ஆரோக்கியத்தைச் சோதியுங்கள். டிக் டிக் சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள்.

* அடிப்பாகம் கொதித்து, ஃபேன் இரைந்தால் தூசிதான் காரணமாக இருக்கலாம். மெத்தை, தலையணை மேல் வைத்துப் பயன்படுத்த வேண்டாம். காற்று போகும் வழி அடைபட்டுவிடும்.

* கடையில் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: "டிஸ்க் நல்லா இருக்கான்னு காட்டுங்க", "என் ஃபைல் எல்லாம் பத்திரமா இருக்குமா?" டிஸ்க்கை மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

* எஸ்.எஸ்.டி போட்டாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். அது டிக் டிக் என்றெல்லாம் சொல்லாது; ஒருநாள் திடீரென்று நின்றுவிடலாம். அதனால் நகல் எப்போதும் இன்னோர் இடத்திலும் இருக்கட்டும்.

இப்போது பவர் பட்டனை அழுத்தினால் இருபது விநாடியில் லேப்டாப் திறந்துவிடுகிறது. இன்டர்வியூ அரை மணி நேரம் நடந்தது. படம் ஒருமுறைகூட நிற்கவில்லை. முடிவு இன்னும் வரவில்லை. அம்மாவின் சங்கிலி கழுத்திலேயே இருக்கிறது.

அப்பாவின் 13 வீடியோக்களும் இப்போது லேப்டாப்பில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, சவூதியில் அண்ணன் போனில் ஒன்று என மூன்று இடத்தில் இருக்கின்றன. மழையால் வெட்டு இல்லாத நாள்களில், மகள் போட்டுக்காட்ட, அம்மா திரைக்கு முன் உட்கார்ந்து கேட்பார்.

பழைய ஹார்டு டிஸ்க்கை ஆக்கர்க்காரருக்குப் போடலாம் என்று எடுத்தபோது மட்டும் அம்மா விடவில்லை. துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டார். வராத அந்த ஒரு வீடியோ அதில்தானே இருக்கிறது!