எண்ணெய் திரும்பும் வழி

டீசல் ஷெட்டில் நாம் பார்ப்பது குமாஸ்தா வேலை, ஸ்பானர் பிடித்தறியோம். ஆயினும் உதிரிப் பாகங்களுக்கு இண்டென்ட் எழுதியெழுதி எஞ்சினின் நோய்கள் சிலவற்றை அறிந்துள்ளோம்.

1962இல் நம் நாட்டுக்கு வந்த டபிள்யூ.டி.எம்.2 எஞ்சினுக்குச் சிலிண்டர்கள் 16. திறன் 2600 குதிரைசக்தி. அவ்வாற்றலுக்குத் துணை டர்போ சூப்பர்சார்ஜர். வெளியேறும் புகையால் சுழன்று, சிலிண்டர்களுக்குள் காற்றை அழுத்திச் செலுத்துவது அது. நிமிடத்திற்குப் பல்லாயிரம் முறை சுழலும் அதன் அச்சுக்கு எண்ணெயே உயிர்.

அவ்வெண்ணெய் பம்பின் அழுத்தத்தால் போகிறது. திரும்பும்போதோ தன் பாரத்தால் மட்டுமே இறங்குகிறது. ஆகவே திரும்பும் குழாய் அகலமாகவும், நெடுகச் சரிவாகவும் இருத்தல் வேண்டும். இடையில் தொய்வு ஆகாது. வழி தடைப்பட்டால் எண்ணெய் தேங்கி, அடைப்பு வளையங்களைக் கடந்து கசியும், நீலப்புகை எழும்.

அம்மரபில் வந்த எஞ்சினொன்று நம் ஷெட்டில் அவ்வாறே புகைந்தது. புது டர்போவுக்கு இண்டென்ட் எழுதுமாறு நமக்கு உத்தரவும் வந்தது. மூத்த ஃபிட்டர் தடுத்தார்: "பாபுஜி, பொறுங்கள். எண்ணெய் போகும் வழியை எல்லாரும் பார்த்தார்கள். திரும்பும் வழியை யார் பார்த்தார்கள்?" கழற்றிப் பார்க்கையில், இடம் பெயர்ந்த காஸ்கெட் ஒன்று குழாயின் வாயைப் பாதி மூடியிருந்தது. அதை மாற்றியதும் புகை நின்றது.

அயலூரில் வாழும் நம்மவர்க்கும் இது பொருந்தும். பிழைப்பு தள்ள ஊரைவிட்டு வந்தோம். திரும்பிச் செல்லத் தள்ளுவாரில்லை, அன்பின் பாரம் ஒன்றே உண்டு. அவ்வழி அடைபடாமல் காப்பது நம் கடன்.