19.84 மில்லிமீட்டர்

தமிழ்நாடு–கர்நாடக எல்லையில் உள்ள ஜூஜுவாடி சோதனைச்சாவடிக்குச் சற்று முன்னால், சர்வீஸ் ரோட்டை ஒட்டி ஓர் உணவகம். அதன் பார்க்கிங்கில் ஒரு புங்கமரம், மரத்தடியில் ஒரு சிமெண்ட் திண்ணை. பார்சலுக்கு டோக்கன் வாங்கியவர்கள் காத்திருக்கும் இடம் அதுதான். சனிக்கிழமை சாயங்காலம், ஜெனரல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் வரிசைகட்டிப் போய்க்கொண்டிருந்தன. டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு நானும் உட்கார்ந்திருந்தேன்.

உள்ளேயிருந்து இரண்டு பேர் வெளியே வந்தார்கள். மூத்தவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். சிப்காட்டில் சொந்தமாக நாலைந்து சி.என்.சி. மெஷின் போட்டு, பெரிய கம்பெனிகளுக்குப் பாகங்கள் கடைந்து கொடுப்பவர் என்று பேச்சிலேயே தெரிந்தது. இளையவருக்கு முப்பதைத் தாண்டியிருக்காது. சட்டைப்பையில் பேனாவோடு ஒரு ஆறங்குல ஸ்டீல் ஸ்கேலும் எட்டிப் பார்த்தது. சூப்பர்வைசராக இருந்தவர், அன்றைக்குத்தான் பிளான்ட் மேனேஜர் ஆகியிருக்கிறார். முதல் ஏற்றுமதி ஆர்டரும் அன்றைக்கே கிளம்பியிருக்கிறது.

“உள்ளயே பத்த வெச்சிருக்கலாம். அந்தப் பையன் போர்டைக் காட்டுறான்” என்றார் மூத்தவர்.

பையன் காட்டியதில் தப்பில்லை. 2008 அக்டோபர் 2 முதல் உணவகத்துக்குள் புகைப்பது நாடு முழுக்கத் தடை. மீறினால் தமிழ்நாட்டில் 200 ரூபாய் வரை அபராதம்.

மூத்தவர் தோல் உறை ஒன்றிலிருந்து இரண்டு சுருட்டுகளை எடுத்தார். பளபளவென்று எண்ணெய்ப் பூச்சு போட்டது போன்ற பழுப்பு நிறம், இடுப்பில் தங்கநிறக் காகிதப் பட்டை. வாங்கிய பெட்டி வீட்டில் இருக்கிறதாம். பாதுகாப்பாகத்தான் வைத்திருப்பார். அட்டையில் 85 சதவீதத்தை அடைத்துக்கொண்டு மிரட்டுகிற எச்சரிக்கைப் படமும் பெட்டியோடு வீட்டிலேயே தங்கிவிட்டது. கைக்கு வந்து சேர்ந்தது தங்கப்பட்டை மட்டும்.

“இது என்ன சைஸ் சார்?”

“அம்பது ரிங் கேஜ்.”

இளையவர் ஒரு நொடி யோசித்தார். “ரிங் கேஜ்னா அங்குலத்துல அறுபத்துநாலுல ஒரு பங்குதானே சார்? அப்ப அம்பதுக்கு... பத்தொன்பது புள்ளி எட்டு நாலு மில்லிமீட்டர்.” ஸ்கேலை எடுத்து வைத்தும் பார்த்தார். முகத்தில் திருப்தி.

கேட்டருகே நாற்காலி போட்டிருந்த வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். “திருச்சி சுருட்டா சார்?”

மூத்தவர் வாய்விட்டுச் சிரித்தார். “ஹவானா, பெரியவரே, ஹவானா!”

அவர் சிரித்திருக்க வேண்டியதில்லை. உறையூரிலும் திண்டுக்கல்லிலும் சுற்றிய சுருட்டு ஒரு காலத்தில் கப்பலேறி லண்டன் வரை போனது. 1887இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே இது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று கண்டுபிடித்துவிடுகிறார் துப்பறிவாளர். வாட்ச்மேன் அந்த நாவலைப் படித்திருக்க மாட்டார். ஆனாலும் கேள்வி சரியான கேள்விதான்.

இளையவரின் போன் அடித்தது. பேச்சு உடனே வேறு குரலுக்கு மாறியது. “லோடு வந்திருக்கா? டெஸ்ட் சர்டிபிகேட் இருக்கா பாரு... இல்லையா? ஹீட் நம்பராவது போட்டிருக்கானா? அதுவும் இல்லையா? ஒரு கிலோகூட உள்ள எடுக்காத. வண்டியைத் திருப்பி அனுப்பு. எதுல செஞ்சதுன்னு தெரியாத இரும்பை மெஷின்ல ஏத்தச் சொல்றியா?”

மூத்தவர் என்னையும் வாட்ச்மேனையும் பார்த்தார். எப்படி என் ஆள் என்று கேட்கிற பார்வை.

பிறகு பாடம் ஆரம்பமானது. தலைப்பக்கம் மூடியை இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வெட்டக் கூடாது. வெட்டினால் சுற்று பிரிந்துவிடும். நெருப்பை நேராக வாயில் வைத்து இழுக்கக் கூடாது. அடிப்பக்கத்தைத் தழலுக்குச் சற்று மேலே பிடித்து, சுழற்றிச் சுழற்றி வாட்ட வேண்டும். நிமிடத்துக்கு ஒரு இழுப்பு போதும். சாம்பலைத் தட்டக் கூடாது, தானாக விழ வேண்டும். இளையவர் ஒவ்வொன்றையும் புது மெஷினின் ஆபரேஷன் ஷீட் மாதிரி மனசில் வாங்கிக்கொண்டார். வெட்டு அவ்வளவு சுத்தமாக விழுந்தது.

“முக்கியமான விஷயம், உள்ள இழுக்கவே கூடாது. வாயில வெச்சு ருசி பாத்து விட்றணும். அதான் சிகரெட்டுக்கும் இதுக்கும் வித்தியாசம். நுரையீரலுக்கு வேலையே இல்ல. சிகரெட்தான் கெட்டது தம்பி, இது ஒண்ணும் பண்ணாது.”

“நான் சிகரெட்டை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு சார்.”

“அதான் சொல்றேன், இதுல தப்பில்ல.”

அந்தப் பாடத்தில் முதல் பாதி சரி. சுருட்டை உள்ளே இழுக்கத் தேவையில்லைதான். சிகரெட்டின் புகை அமிலத்தன்மை உள்ளது. அதிலிருக்கிற நிகோடின் நுரையீரல் வரை போனால்தான் ரத்தத்தில் நன்றாகக் கலக்கும். சுருட்டின் புகை காரத்தன்மை உள்ளது. அது கன்னத்தின் உட்புறமும் நாக்கடியும் வழியாகவே ரத்தத்துக்குப் போய்விடும். நிகோடினுக்கு வாயே வாசல். கூடவே, இலையைக் குவித்து நொதிக்க வைத்துப் பக்குவப்படுத்தும்போது உண்டாகிற நைட்ரோசமைன் என்ற புற்றுநோய்க் காரணியும் புகையில் ஏறுகிறது. எச்சிலில் கரைந்ததை விழுங்கினால் உணவுக்குழாய்க்கும் பங்கு உண்டு. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1998இல் சுருட்டுக்கென்றே தனி ஆய்வுத் தொகுப்பு வெளியிட்டது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் என்று அதில் ஒரு பட்டியலே உண்டு. உள்ளே இழுக்காதவர்களுக்கும் வாயும் உணவுக்குழாயும் தப்புவதில்லை.

விட்டத்தை இரண்டு தசமம் வரை கணக்குப் போட்டவர் எடையைக் கேட்கவில்லை. ஒரு சிகரெட்டில் 1 கிராமுக்கும் குறைவான புகையிலை. பெரிய சுருட்டு ஒன்றில் 5 முதல் 20 கிராம் வரை இருக்கும். ஒரு பாக்கெட் சிகரெட்டின் சரக்கு மொத்தமும் ஒரே சுருளில் அடங்கிவிடலாம்.

இளையவர் பற்ற வைத்தார். முதல் நாலைந்து இழுப்பு ஒழுங்காகப் போனது. பழைய சிகரெட் பழக்கம் சும்மா இருக்குமா? அடுத்த இழுப்பு நேராக நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. இருமினார். கண்ணில் தண்ணீர். “பழகிரும், பழகிரும்” என்றார் மூத்தவர். சிகரெட்டிலிருந்து சுருட்டுக்கு மாறுகிறவர்களில் பலரும் இப்படித்தான் உள்ளே இழுப்பார்கள். அவர்களுக்கு இரண்டு பக்கமும் நஷ்டம்.

புகை தாழ்வாகவே திண்ணைப் பக்கம் வந்தது. என் பக்கத்தில் குழந்தையோடு காத்திருந்த பெண் ஒன்றும் சொல்லாமல் எழுந்து காருக்குப் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

பைக் மேல் சாய்ந்து நின்ற இரண்டு டிரெய்னி பையன்கள் மட்டும் அருகே வந்தார்கள். பத்தொன்பது வயது இருக்கலாம், கழுத்தில் இன்னும் கம்பெனி அட்டை. ஒருவன் போனைத் தூக்கி வீடியோ எடுத்தான். “அண்ணன் கெத்துடா மச்சி” என்றான் மற்றவன்.

அந்த வயதுக்கு இந்த எல்லைக்கோட்டில் ஒரு அர்த்தம் உண்டு. தமிழ்நாட்டில் 18 முடிந்தவனுக்குப் புகையிலை விற்கலாம். கர்நாடகம் 2025இல் அந்த வயதை 21 ஆக்கிவிட்டது. பொது இடத்தில் புகைத்தால் அபராதமும் 1000 ரூபாய். சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளியில் இந்தப் பையனுக்குக் கடைக்காரர் கொடுக்கக் கூடாத பொருள், இந்தப் பக்கம் கேட்டால் கிடைக்கும்.

பாதிச் சுருட்டு தாண்டியபோது இளையவரின் பேச்சு நின்றது. நெற்றியில் முத்து முத்தாக வேர்வை, உதடு வெளுத்திருந்தது. வாயில் ஊறிய எச்சிலை இரண்டு தடவை ஓரமாகத் துப்பினார். பிறகு மரத்தைப் பிடித்துக்கொண்டார். மதியம் டிஸ்பாட்ச் அவசரத்தில் சாப்பிடவில்லை, டீயோடு சரி என்று அவரே முனகினார். நிகோடின் பழக்கம் விட்டுப்போன உடம்பு, அதுவும் வெறும் வயிறு. குமட்டல், கிறுகிறுப்பு, படபடப்பு எல்லாம் சேர்ந்து வந்துவிட்டது. சுவர்ப்பக்கம் ஓடினார்.

வாட்ச்மேன் தன் பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். முகம் கழுவ ஊற்றினார், குடிக்கக் கொடுத்தார், நாற்காலியைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். பிறகுதான் வாயைத் திறந்தார்.

“காலி வயித்துல இதைத் தொடலாமா தம்பி? எங்க ஊரு முனீஸ்வரனுக்கே பொங்க வெச்சி, கறிச்சோறு படைச்சப்பறந்தான் சுருட்டு.”

மூத்தவருக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. தன்னுடையதை அவர் நசுக்கவில்லை. நசுக்கினால் நாறுமாம், தானாக அணையவிட வேண்டுமாம். அந்தப் பாடமும் முடிந்தது. பெட்டி மேல் அச்சடித்திருக்கிற 1800-11-2356 என்ற இலவச எண்ணைப் பற்றி மட்டும் பாடத்தில் ஒன்றும் வரவில்லை. விட நினைப்பவர்கள் அதில் தமிழிலேயே பேசலாம். அந்த அழைப்புகளை எடுக்கிற மையங்களில் ஒன்று பெங்களூரு நிம்ஹான்ஸ். எங்கள் எதிரே கம்பெனி பஸ் போய்க்கொண்டிருந்த இதே ஓசூர் ரோட்டில்தான் இருக்கிறது.

கால் மணி நேரத்தில் இளையவருக்கு ரத்தம் ஏறி முகம் பழைய நிலைக்கு வந்தது. வீடியோ எடுத்த பையன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான். சுவரோரம் நடந்ததை அவன் படம் எடுக்கவில்லை. போனை எப்போதோ பையில் போட்டிருந்தான்.

“எப்டிண்ணா இருந்துச்சு?”

இளையவர் கைக்குட்டையால் உதட்டைத் துடைத்தார். சட்டைப்பையில் ஸ்கேலைச் சரிசெய்துகொண்டார். முதலாளி பார்க்கிறாரா என்று ஒரு பார்வை.

“செம ஸ்மூத்டா. உள்ள இழுக்காம இருந்தா ஒண்ணும் பண்ணாது.”

பையன் தலையாட்டிக்கொண்டான். டெஸ்ட் சர்டிபிகேட் இல்லாத லோடைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பிய அதே வாய், எதில் செய்தது என்று தெரியாத இந்தச் சரக்குக்கு அப்ரூவல் கொடுத்துவிட்டது.